பண்டிகைச் சமையலும் ஒரு நோட்டும்

பண்டிகை வருவதை முதலில் மூக்கு சொல்லிவிடும். வெல்லப் பாகு காயும் வாசனை. ஏலக்காய் தட்டும் வாசனை. தெரு முனையில் வரும்போதே எந்த வீட்டில் என்ன வேகிறது என்று தெரியும்.

பண்டிகைச் சமையல் மகிழ்ச்சியான வேலை. பல பேருக்கு அது பொழுதுபோக்கும்கூட. அந்த மகிழ்ச்சி வீட்டில் நிலைக்க ஒரு சின்ன உதவி வேண்டும். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. தங்கவயல் அடுப்புகள்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும். தெலுங்கும் கன்னடமும் உருதும் விழும். ஏன்?

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. அது இங்கிலாந்து நாட்டுக் கம்பெனி. பூமிக்கு அடியில் இறங்கி வேலை செய்ய நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தார்கள். ஆங்கிலோ இந்தியர்களும் வந்தார்கள். ஐரோப்பியரும் இந்தியரும் கலந்த வம்சத்தைச் சேர்ந்தவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள்.

சுரங்கத்தில் உழைக்க வந்தவர்களிடம் பெரிய சொத்து இல்லை. ஆனால் சமைக்கத் தெரிந்த கை அவர்கள் கூடவே வந்தது. ஊர்ப் பக்குவமும் கூட வந்தது.

கோலார் மண்ணில் கேழ்வரகு நன்றாக விளையும். அதனால் எல்லா வீட்டிலும் களி உண்டு. கன்னடத்தில் அதற்கு முத்தெ என்று பெயர். மார்கழி பிறந்தால் பச்சை மொச்சை வரும். அதைப் பிதுக்கிக் குழம்பு வைப்பார்கள். தீபாவளி நோன்புக்கு அதிரசம். கிறிஸ்துமஸுக்குக் கல்கல், கேக். ரம்ஜானுக்குப் பிரியாணி. தட்டுகள் வீட்டுக்கு வீடு போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. ஊரிலேயே இருந்த வேலை போயிற்று. இப்போது ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மாரிக்குப்பம், சாம்பியன், கோரமண்டல், உரிகம் ஸ்டேஷன்களில் விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

வார நாளில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது கடினம். பண்டிகை நாளில்தான் அது முடிகிறது. அதனால்தான் பண்டிகைச் சாப்பாட்டுக்கு இன்று மதிப்பு அதிகம்.

2. கண்ணளவு எங்கே போகிறது?

ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவதைக் கேளுங்கள்.

மருமகள்: அத்தை, அதிரசத்துக்கு எவ்வளவு வெல்லம் போடணும்?

மாமியார்: அரிசிக்குத் தக்கபடி போடும்மா.

மருமகள்: தக்கபடின்னா எவ்வளவு அத்தை?

மாமியார்: அது கண்ணுக்கே தெரியும்மா. எங்க மாமியார் போடுவாங்க. நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன். அப்படியே கை பழகிடுச்சு.

மருமகள்: நான் காலையில அஞ்சு மணிக்கெல்லாம் ரயிலுக்குப் போயிடறேன். நின்னு பார்க்க எனக்கு எப்ப நேரம் இருக்கு?

மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மருமகள் கேட்டது நியாயமான கேள்வி. முன்பு பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றார்கள். அதற்குப் பல வருடம் ஆகும். இன்று பிள்ளைகளுக்கு அந்த நேரம் இல்லை. சில வீடுகளில் மகளும் மருமகளும் வேறு ஊரிலேயே குடியிருக்கிறார்கள்.

"எங்க பாட்டி செய்த அதிரசம் மாதிரி வராது" என்று நாம் சொல்வது உண்டு. ஏன் வராது? பாட்டியின் அளவு பாட்டியின் கையில் இருந்தது. பாட்டி போனபோது அந்த அளவும் கூடவே போய்விட்டது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. பாட்டிக்கு எழுதத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அடுப்பங்கரைக்கு வந்து கேட்கவில்லை.

இப்போது நமக்கு எழுதத் தெரியும். சமைக்கவும் தெரியும். இரண்டும் தெரிந்தவர்கள்தான் இதை எழுத முடியும்.

3. எழுதி வைத்த இரண்டு பெண்கள்

சென்னையில் மீனாட்சி அம்மாள் என்ற பெண் இருந்தார். நன்றாகச் சமைப்பார். சொந்தக்காரர்கள் அவரிடம் பக்குவம் கேட்பார்கள். அவர் விளக்கிச் சொல்வார். இதையெல்லாம் புத்தகமாக எழுதினால் என்ன என்று அவருடைய உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். மீனாட்சி அம்மாள் எழுதினார். 1951ஆம் ஆண்டு "சமைத்துப் பார்" என்ற புத்தகம் வெளிவந்தது. என்ன சாமான், எவ்வளவு, எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொன்னார். பல தமிழ்க் குடும்பங்களில் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். இன்றும் அது விற்கிறது.

தங்கவயலிலேயே ஒருவர் உண்டு. அவர் பெயர் பிரிட்ஜெட் ஒயிட் குமார். தங்கவயலில் வளர்ந்தவர். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் சமைத்த பதார்த்தங்களை அவர் எழுதினார். தேங்காய்ப் பால் ஊற்றிய மஞ்சள் சோறு, கோலா உருண்டைக் குழம்பு, கிறிஸ்துமஸ் பலகாரம் எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்தில் பல சமையல் புத்தகங்கள் வெளியிட்டார். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல வெளிநாடுகளுக்குப் போய்விட்டன. அங்கே இருப்பவர்களும் தங்கள் பாட்டி வீட்டுச் சமையலைப் படித்துச் செய்ய முடிகிறது.

நாம் புத்தகம் போட வேண்டாம். ஒரு நோட்டு போதும். அதில் நான்கு வகைப் பக்கங்கள் எழுதுவோம்.

4. நோட்டின் முதல் பக்கம்: அளவு

கண்ணளவை எழுத்தில் கொண்டு வருவது எப்படி? ஒரு சுலபமான வழி இருக்கிறது.

சமைப்பதற்கு முன் எல்லாச் சாமானையும் அளந்து தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அம்மாவையோ அத்தையையோ வழக்கம்போல் சமைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கை போடுகிறபடி போடட்டும். இடையில் தடுக்க வேண்டாம். சமைத்து முடித்ததும் கிண்ணத்தில் மீதி இருப்பதை அளந்து கழியுங்கள்.

கிண்ணத்தில் வைத்த உப்பு 10 ஸ்பூன். மீதி 7 ஸ்பூன். போட்டது 3 ஸ்பூன். கண்ணளவு இப்போது எழுத்தில் வந்துவிட்டது.

எப்போதும் ஒரே டம்ளர், ஒரே ஸ்பூன் வைத்து அளக்க வேண்டும். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்றும் எழுத வேண்டும். அடுப்பு பெரிதாக எரிந்ததா, சிறிதாக எரிந்ததா, எத்தனை நிமிடம் என்றும் குறிக்க வேண்டும்.

அளவு மட்டும் போதாது. பதமும் எழுத வேண்டும். பதத்தைக் கண்ணும் மூக்கும் விரலும் சொல்லும். "எப்படி இருக்கும்போது இறக்குகிறீர்கள்?" என்று பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

மூன்று பண்டிகைப் பக்கங்களை மாதிரிக்குப் பார்ப்போம்.

தீபாவளிப் பக்கம்: அதிரசம்

வேண்டியவை: பச்சரிசி 1 கிலோ. வெல்லம் முக்கால் கிலோ. ஏலக்காய் 10. சுக்குத் தூள் 1 ஸ்பூன். நெய் 2 ஸ்பூன். பொரிக்க எண்ணெய்.

செய்முறை: அரிசியை 2 மணி நேரம் ஊற வைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். நிழலில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். முழுவதும் காயக் கூடாது. கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும். அந்தப் பக்குவத்தில் மாவாக அரைத்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தில் 1 டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைய விட்டு வடிகட்ட வேண்டும். வடிகட்டியதை மறுபடி அடுப்பில் வைத்துப் பாகு காய்ச்ச வேண்டும். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்கு போட வேண்டும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். நெய் தடவி மூடி வைக்க வேண்டும். ஒரு நாளாவது ஊறினால் நல்லது. பிறகு வாழை இலையில் தட்டி, சிறு தீயில் பொரித்து, எண்ணெயை அழுத்தி எடுக்க வேண்டும்.

பதம்: ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். கரையக் கூடாது. விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டை ஆக வேண்டும். அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனால் பாகு இளசு. கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசையலாம். அதிரசம் கல் மாதிரி இருந்தால் பாகு முற்றிவிட்டது. அடுத்த வருடம் முன்னாலேயே இறக்க வேண்டும். இதையும் நோட்டில் எழுதுங்கள். போன வருடம் கெட்டது ஏன் என்று எழுதியிருந்தால் இந்த வருடம் கெடாது.

கிறிஸ்துமஸ் பக்கம்: கல்கல்

வேண்டியவை: மைதா அரை கிலோ. பொடித்த சர்க்கரை 150 கிராம். முட்டை 2. வெண்ணெய் 2 ஸ்பூன். கெட்டித் தேங்காய்ப் பால் 1 டம்ளர். உப்பு ஒரு சிட்டிகை. பொரிக்க எண்ணெய்.

செய்முறை: மைதா, சர்க்கரை, உப்பு, வெண்ணெய் சேர்த்துப் பிசற வேண்டும். முட்டையை அடித்து ஊற்ற வேண்டும். தேங்காய்ப் பாலை ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. மாவு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு ஊற்ற வேண்டும். சப்பாத்தி மாவு போல் பிசைந்து 1 மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கோலிக் குண்டு அளவு உருட்ட வேண்டும். புதிய சீப்பை நன்றாகக் கழுவி எண்ணெய் தடவ வேண்டும். உருண்டையைச் சீப்பின் மேல் அழுத்திச் சுருட்டினால் சங்கு மாதிரி வரி விழும். நடுத்தரத் தீயில் பொரிக்க வேண்டும்.

பதம்: தேன் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் நிறம் கொஞ்சம் கூடும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் நமத்துப் போகும்.

பொங்கல் பக்கம்: பிதுக்குப் பருப்புக் குழம்பு (6 பேருக்கு)

வேண்டியவை: உரித்த பச்சை மொச்சை 2 டம்ளர். பெரிய வெங்காயம் 2. தக்காளி 3. தேங்காய் அரை மூடி. காய்ந்த மிளகாய் 8. தனியா 2 ஸ்பூன். இஞ்சி ஒரு துண்டு. பூண்டு 8 பல். பட்டை, லவங்கம் கொஞ்சம். மஞ்சள் தூள் அரை ஸ்பூன். எண்ணெய் 3 ஸ்பூன். உப்பு.

செய்முறை: மொச்சையை இரவே தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் இரண்டு விரலால் பிதுக்கினால் பருப்பு தோலை விட்டு வெளியே வரும். மிளகாய், தனியா, பட்டை, லவங்கத்தை வறுக்க வேண்டும். அதோடு இஞ்சி, பூண்டு, தேங்காய் வைத்து அரைக்க வேண்டும். எண்ணெயில் வெங்காயம், தக்காளி வதக்கி, பருப்பு, மஞ்சள் தூள், உப்பு போட வேண்டும். 4 டம்ளர் தண்ணீர் ஊற்றி வேக விட வேண்டும். பருப்பு வெந்ததும் அரைத்த மசாலாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். இன்னும் 10 நிமிடம் கொதிக்க வேண்டும்.

பதம்: பருப்பை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். ஆனால் குழம்பில் உருவம் தெரிய வேண்டும். களிக்கும் சோற்றுக்கும் இட்லிக்கும் இது பொருந்தும்.

12 பேருக்கு என்றால் மொச்சையும் காயும் இரண்டு மடங்கு. உப்பையும் காரத்தையும் முதலில் ஒன்றரை மடங்கு போட்டுச் சுவை பார்க்க வேண்டும். குறைந்தால் சேர்க்கலாம். கூடினால் எடுக்க முடியாது.

5. நோட்டின் இரண்டாம் பக்கம்: சாமான் பட்டியல்

முதல் பக்கம் எழுதினால் இரண்டாம் பக்கம் தானாக வரும். என்னென்ன செய்யப் போகிறோம்? அதற்கு எவ்வளவு அரிசி, வெல்லம், எண்ணெய்? கூட்டிப் பாருங்கள். வீட்டில் இருப்பதைக் கழியுங்கள். மிச்சம்தான் வாங்க வேண்டியது.

பட்டியல் இல்லாமல் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனால் என்ன ஆகும்? கண்ணில் பட்டதை வாங்குவோம். வேண்டியதை மறப்போம். மறுபடி ஆட்டோவுக்குக் கொடுத்துப் போக வேண்டும்.

கடையில் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, எடை. இரண்டு பாக்கெட் ஒரே அளவாகத் தெரியும். ஒன்றில் 500 கிராம் இருக்கும். மற்றதில் 450 கிராம்தான் இருக்கும்.

இரண்டு, அதிகபட்ச விலை. அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மூன்று, தேதி. எந்த நாள் வரை உபயோகிக்கலாம் என்று போட்டிருக்கும்.

நான்கு, உணவுத் துறை உரிமம். அது 14 இலக்க எண்.

பளிச்சென்ற நிறப் பொடியை வாங்க வேண்டாம். துணிக்குப் போடும் சாயம்கூட அதில் கலந்திருக்கலாம். 2024 மார்ச் மாதம் கர்நாடக அரசு பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. வீட்டுச் சமையலுக்கு மஞ்சள் நிறம் தர மஞ்சள் தூள் இருக்கிறது. சிவப்புக்கு நல்ல மிளகாய் இருக்கிறது.

6. நோட்டின் மூன்றாம் பக்கம்: கணக்கு

பண்டிகை ஒரு நாளில் முடிந்துவிடும். பண்டிகைக் கடன் அப்படி முடியாது.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தீபாவளிக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கினார்கள். அஞ்சு வட்டி. அதாவது மாதம் நூற்றுக்கு 5 ரூபாய்.

ஒரு மாத வட்டி: 50 x 5 = 250 ரூபாய்.
பத்து மாத வட்டி: 250 x 10 = 2,500 ரூபாய்.

பத்து மாதம் கழித்து அசல் 5,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. கட்டிய 2,500 ரூபாயில் ஒரு அதிரசம்கூட வரவில்லை. அதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

இன்னொரு குடும்பம் வாரம் 50 ரூபாய் தனியாக எடுத்து வைத்தது. 40 வாரத்தில் 2,000 ரூபாய் சேர்ந்தது. அந்த 2,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டார்கள். நான்கு பலகாரத்துக்குப் பதில் இரண்டு பலகாரம் செய்தார்கள். ஒரு வேளைக்கு நல்ல கறிச் சோறு ஆக்கினார்கள். வயிறும் நிறைந்தது. கடனும் இல்லை.

இதில் எந்த வீட்டில் பண்டிகை நன்றாக நடந்தது?

சீட்டுக் கட்டிச் சேர்க்கிறவர்களும் உண்டு. கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். தேதியையும் தொகையையும் நோட்டில் எழுதுங்கள். எழுத்தில் இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்பது கடினம்.

இன்னொரு யோசனை. மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் சேரலாம். எண்ணெயும் வெல்லமும் மொத்தமாக வாங்கினால் விலை குறையலாம். ஒரே வீட்டில் உட்கார்ந்து பலகாரம் சுட்டால் வேலையும் சுலபம். பேச்சுத் துணையும் ஆகும்.

7. நோட்டின் நான்காம் பக்கம்: வேலைப் பங்கு

பண்டிகை நாளில் எல்லாரும் புதுத்துணி உடுத்தி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் பழைய புடவையில் அடுப்பருகே நிற்பாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பசியும் போயிருக்கும்.

சமைப்பது ஆசையோடு செய்தால் பொழுதுபோக்கு. ஒருவர் தலையிலேயே விழுந்தால் பாரம்.

அதனால் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மொச்சை பிதுக்க வயது கிடையாது. தாத்தாவும் பேரனும் செய்யலாம். கல்கல் சுருட்டுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. தேங்காய் துருவுவது, வெங்காயம் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஆண்கள் செய்யலாம். கல்யாண வீட்டில் பெரிய அண்டாவில் பிரியாணி ஆக்குகிறவர்கள் ஆண்கள்தானே? வீட்டு அடுப்பில் ஏன் முடியாது?

பலகாரத்தை முதல் வாரமே சுட்டு வைக்கலாம். மசாலாவை முதல் நாளே வறுத்து வைக்கலாம். பண்டிகை அன்று ஒரு குழம்பு, ஒரு சோறு மட்டும் சமைத்தால் போதும். சமைத்தவரும் மற்றவர்களோடு சேர்ந்து உட்காரலாம்.

இந்தப் பக்கத்தின் அடியில் சில எச்சரிக்கைகளையும் எழுதுங்கள்.

எண்ணெய் காயும்போது சின்னப் பிள்ளைகள் அடுப்பருகே வரக் கூடாது.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூட வேண்டும்.

கேஸ் வாசனை வந்தால் லைட் ஸ்விட்சைத் தொடக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். பிறகு வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவும் பகலும் அந்த எண்ணில் உதவி கிடைக்கும்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. கறுத்து, புகைந்து, நாற்றம் வந்த எண்ணெய் உடம்புக்குக் கெடுதல்.

கறியும் சோறும் சமைத்து 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. மீதியைப் பிரிட்ஜில் வையுங்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அளவாகச் சமையுங்கள். மீந்ததைச் சூடாக இருக்கும்போதே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

8. நோட்டு யாருக்கு?

ஒரு வருடத்தில் நோட்டு நிறைந்துவிடாது. தீபாவளிக்கு ஒரு பக்கம். கிறிஸ்துமஸுக்கு ஒரு பக்கம். பொங்கலுக்கு ஒரு பக்கம். பக்கத்து வீட்டு அக்காவின் பிரியாணி பிடித்திருந்தால் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரை மேலே எழுதுங்கள். "அத்தை சொன்ன அதிரசம்" என்று எழுதினால் அத்தைக்கும் பெருமை. பின்னால் படிக்கிறவர்களுக்கும் அது யாருடைய கை என்று தெரியும்.

எழுத்துப் பிழை வந்தால் கவலை வேண்டாம். பிழையோடு எழுதிய அதிரசமும் இனிக்கும். எழுதாமல் விட்ட அதிரசம்தான் காணாமல் போகும்.

தங்கவயலில் எத்தனையோ குடும்பங்களின் ஆண்கள் மண்ணுக்கு அடியிலிருந்து தங்கம் எடுத்தார்கள். அந்தத் தங்கம் அவர்கள் வீட்டில் தங்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம் இன்னும் வீட்டில் இருக்கிறது. எழுதி வைத்தால் அது நம் பேரப் பிள்ளைகள் வரை இருக்கும்.

படித்ததைப் பேசுவோம்

1. தங்கச் சுரங்கம் எந்த ஆண்டு மூடப்பட்டது? அதன் பிறகு மக்களின் வேலை எப்படி மாறியது?
2. கண்ணளவை எழுத்தில் கொண்டு வரும் வழி என்ன?
3. பாக்கெட்டில் பார்க்க வேண்டிய நான்கு விஷயங்கள் என்ன?
4. உங்கள் வீட்டில் பண்டிகை நாளில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள்? அதை மாற்ற என்ன செய்யலாம்?

கணக்குப் போடுவோம்

1. 3,000 ரூபாய் கடன். மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி. 6 மாத வட்டி எவ்வளவு?
2. வாரம் 30 ரூபாய் சேர்த்தால் 40 வாரத்தில் எவ்வளவு சேரும்?
3. 1 கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். 2 கிலோ அரிசிக்கு எவ்வளவு வெல்லம் வேண்டும்?

எழுதிப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் நன்றாகச் சமைக்கும் பெரியவர் ஒருவரிடம் போங்கள். அவருடைய பண்டிகைப் பலகாரம் ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். அளவு, செய்முறை, பதம் மூன்றும் இருக்க வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு நாளையும் தேதியையும் போடுங்கள்.